ஆயிலை நீங்களே மாற்றுகிறீர்களா? வாரண்டி கேட்டுப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

போன கோடையில் டாலஸ் 635 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது என் கார் இன்ஜினிலிருந்து சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. 48,000 மைல் ஓடிய வண்டி. பவர்ட்ரெயின் வாரண்டி, அதாவது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்குமான வாரண்டி, 60,000 வரை இருக்கிறதே, என்ன கவலை என்று டோ வண்டியில் ஏற்றி டீலரிடம் அனுப்பிவிட்டேன். மறுநாள் சர்வீஸ் அட்வைசர் கூப்பிட்டார். "கடைசியாக நீங்கள் இங்கே வந்தது 24,000 மைலில். அதற்கப்புறம் ஆயில் மாற்றியதாக எங்களிடம் எந்தப் பதிவும் இல்லையே?" என்றார். நானே மாற்றினேன் என்றேன். "நல்லது, அதற்கான ரெக்கார்டுகளை அனுப்புங்கள்" என்றார்.

அனுப்புவதற்கு என்னிடம் இருந்தவை இவ்வளவுதான்: தேதியும் மைலும் எழுதிய ஒரு நோட்டு. க்ளவ் பாக்ஸில் வெளுத்துப்போய்க் கிடந்த இரண்டு வால்மார்ட் ரசீதுகள். நண்பனின் காஸ்ட்கோ கார்டில் வாங்கிய ஆயில், அதற்கு ரசீது அவனிடமும் இல்லை. அப்புறம் மனைவிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய ஒரு போட்டோ. அதில் கையெல்லாம் கறுப்பாக நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கார் அதில் இல்லை.

ஐந்து வாரம் அலைந்தேன். கடைசியில் இன்ஜின் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். அதுவரை ஓட்டிய வாடகைக் காருக்கு 1,100 டாலர் போனது, அது திரும்பவில்லை. எந்தக் கம்பெனி, எந்த டீலர் என்று சொல்லப்போவதில்லை. வேறு கம்பெனியாக இருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, முதல் காரை வாங்கி, ஊரில் பைக்குக்கு ஆயில் மாற்றிய தைரியத்தில் இங்கேயும் கையை வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயில் எப்படி மாற்றுவது என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. மாற்றியதை எப்படி நிரூபிப்பது என்பதைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம்.

1. வாரண்டிப் புத்தகத்தை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள்

"டீலரிடம் சர்வீஸ் செய்யாவிட்டால் வாரண்டி போய்விடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டீலர் கவுண்ட்டரில் இருப்பவரே சொன்னாலும் நம்பாதீர்கள். 1975 முதல் இங்கே மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இருக்கிறது. எங்கள் பிராண்டு பொருளைத்தான் போட வேண்டும், எங்கள் ஆளிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட அது அனுமதிப்பதில்லை. அந்தப் பொருளையோ சர்வீஸையோ கம்பெனி இலவசமாகக் கொடுத்தால் விதிவிலக்கு. கூட்டரசு வர்த்தக ஆணையத்திடம், அதாவது எஃப்.டி.சி.யிடம், தனி அனுமதி வாங்கியிருந்தாலும் விதிவிலக்கு. வழக்கமான பராமரிப்பை வெளி மெக்கானிக் செய்யலாம், நீங்களேகூடச் செய்யலாம் என்று எஃப்.டி.சி. தன் நுகர்வோர் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 2015-இல் மினி கார் விஷயத்தில் பி.எம்.டபிள்யூ மீது இந்தச் சட்டத்தின் கீழ் எஃப்.டி.சி. நடவடிக்கையே எடுத்தது.

ஆனால் இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டுதான் நான் மாட்டிக்கொண்டேன். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் செய்த வேலை தப்பு, அதனால்தான் இந்தப் பாகம் போனது என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. எஃப்.டி.சி. சொல்லும் உதாரணம் பெல்ட். நீங்கள் பெல்ட்டைத் தப்பாக மாட்டி அதனால் இன்ஜின் போனால் அந்த இன்ஜினுக்கு மறுக்கலாம். ஆனால் பெல்ட்தான் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். மற்ற பாகங்களுக்கு வாரண்டி அப்படியே இருக்கும். இது முதல் கேள்வி. பராமரிப்பு நடந்ததா இல்லையா என்பது இரண்டாவது. அதற்குப் பதில் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். ரெக்கார்டுகளை வைத்திருங்கள் என்று வாரண்டிப் புத்தகங்கள் அச்சடித்தே சொல்கின்றன.

புத்தகத்தில் மூன்று இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் மைலும் முதலாவது. டொயோட்டா, ஹோண்டா கார்களுக்குப் பொதுவாக அடிப்படை வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 மைல், பவர்ட்ரெயினுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. ஹ்யூண்டாய், கியாவில் பவர்ட்ரெயினுக்கு 10 வருடம் அல்லது 100,000 மைல். ஆனால் அந்தப் பத்து வருடம் முதல் உரிமையாளருக்குத்தான். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது, சர்வீஸ் இடைவெளி. 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 சிந்தெடிக் ஆயில் போடும் டொயோட்டாக்களில் பெரும்பாலும் 10,000 மைல் அல்லது 12 மாதம். புழுதிச் சாலை, இழுவை, கடுங்குளிரில் அடிக்கடி சின்னப் பயணம் என்றால் 5,000. நம் ஆட்கள் மைலை மட்டும் பார்ப்பார்கள். வீட்டிலிருந்தே வேலை, வருடத்துக்கு 4,000 மைல்தான் ஓட்டுகிறேன், இரண்டரை வருடம் கழித்து மாற்றினால் போதும் என்று ஒரு கணக்கு. அந்த 12 மாதம் தாண்டிய நாளிலிருந்து நீங்கள் அட்டவணையை மீறியவர். ஹோண்டாவில் டேஷ்போர்டே ‘ஏ’, ‘பி’ என்று எழுத்தும் கூடவே எண்ணும் காட்டும். அது காட்டும்போது போட்டோ எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, ஆயில் தரம். 0டபிள்யூ-20 என்கிற மாதிரி பாகுத்தன்மை எண் மட்டும் பொருந்தினால் போதாது. ஏ.பி.ஐ. எஸ்.பி., ஐ.எல்.எஸ்.ஏ.சி. ஜி.எஃப்-6 மாதிரி ஒரு தரக்குறியைப் புத்தகம் கேட்கும். ஜி.எம். வண்டி என்றால் ‘டெக்ஸோஸ்’ (dexos) என்ற தரக்குறி, ஐரோப்பிய வண்டிகளுக்கு அவரவர் எண். கேனின் பின்பக்கம் அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி. கார் வாங்கும்போது ஃபைனான்ஸ் அறையில் உட்கார வைத்து 2,000, 3,000 டாலருக்குத் தலையில் கட்டும் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ வேறு சரக்கு. அது பெரும்பாலும் சர்வீஸ் கான்ட்ராக்ட், வேறொரு கம்பெனி நடத்துவது, விதிகளும் வேறு. லைசென்ஸ் உள்ள கடையின் ரசீதுதான் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால், இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும் செய்தும் பயன் இல்லாமல் போகலாம். கையெழுத்துப் போடும் முன் பராமரிப்புப் பகுதியைத் தேடிப் படியுங்கள். லீஸ் கார் என்றால் லீஸ் ஒப்பந்தத்தையும் பாருங்கள்.

2. எங்கே மாற்றப்போகிறீர்கள்?

அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் வண்டி வேலை செய்யக்கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும். அபராதமும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: அங்கே மாற்றி அழகாகப் போட்டோ எடுத்தால், வாரண்டிக்கான ஆதாரமே அபார்ட்மெண்ட் ஆபீசுக்கும் ஆதாரமாகிவிடும். தனி வீடு இருக்கும் நண்பரின் டிரைவ்வேயில் மாற்றுங்கள். நண்பருக்கு ஒரு பிரியாணி, செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம். ஆட்டோஸோன், ஓ’ரைலி மாதிரி உதிரிபாகக் கடைகளில் இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

3. வாங்கும்போதே தாள் சேகரியுங்கள்

ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. 5 குவார்ட் சிந்தெடிக் கேன் 20-லிருந்து 30 டாலர். ஃபில்டர் 6-லிருந்து 12. டிரெய்ன் பிளக் வாஷர் ஒன்றிரண்டு டாலர். ஆக 45 டாலருக்குள் முடிந்துவிடும். டீலரிடம் இதே வேலைக்கு 80-லிருந்து 120 வரை கேட்கிறார்கள். போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச், வண்டியை ஏற்றி நிறுத்தும் ராம்ப் எல்லாம் ஒருமுறைச் செலவு, சுமார் 100 டாலர்.

பணமாகக் கொடுக்காதீர்கள். கார்டில் வாங்கினால் ரசீது தொலைந்தாலும் பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்கும். வால்மார்ட் ஆப்பில் உங்கள் கார்டைச் சேர்த்து வைத்தால் கடையில் வாங்கியதும் அதில் விழும். ஆட்டோஸோன், அட்வான்ஸ், ஓ’ரைலி கடைகளில் போன் நம்பர் கொடுத்து உறுப்பினராகிவிடுங்கள், வாங்கியது அந்த நம்பரில் பதிவாகும். காஸ்ட்கோவில் எல்லாமே மெம்பர்ஷிப் கணக்கில் ஏறும். அதனால்தான் அடுத்தவர் கார்டில் வாங்கக் கூடாது என்கிறேன். என் விஷயத்தில் நண்பன் காஸ்ட்கோ மெம்பர்ஷிப் கவுண்ட்டரில் போய் நின்று பழைய ரசீதை அச்செடுத்துக் கொண்டுவந்தான். ஆனால் அதில் அவன் மெம்பர் நம்பர். ‘இது உங்கள் காருக்கு வாங்கியதுதானா?’ என்று கேட்டார்கள். அவனிடமும் இரண்டு கார் இருக்கிறது. அவனிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக் கொடுத்தேன்.

கடை ரசீது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். டெக்சாஸ் வெயிலில் க்ளவ் பாக்ஸில் போட்டு வைத்தால் ஒரு கோடைக்குத் தாங்காது, எழுத்து மறைந்துவிடும். வாங்கிய அன்றே போனில் ஸ்கேன் செய்யுங்கள். மூலத்தையும் தூக்கிப் போடாமல் வீட்டுக்குள் ஒரு கவரில் வையுங்கள்.

யாரும் சொல்லாத ஒரு கண்ணி, அளவுக் கணக்கு. உங்கள் இன்ஜினுக்கு 5.7 குவார்ட் வேண்டும் என்று வையுங்கள். மூன்று தடவை மாற்றினேன் என்கிறீர்கள், ரசீதில் இருப்பது 5 குவார்ட் கேன் மூன்று. மீதி எங்கே? இதைப் பென்சில் வைத்துக் கூட்டிப் பார்க்கிற ஆள் அந்தப் பக்கம் இருக்கிறார். நமக்கு லிட்டர் பழக்கம், ஒரு குவார்ட் என்பது 0.95 லிட்டர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கூடுதலாக ஒரு குவார்ட் பாட்டில் வாங்கினால் அதன் ரசீதும் வேண்டும். அதேபோல ஃபில்டர். ஆயில் ரசீது நாலு, ஃபில்டர் ரசீது ஒன்று என்றால் மூன்று தடவை ஃபில்டரை மாற்றவில்லை என்றுதான் படிப்பார்கள். ஃபில்டர் மொத்தமாக வாங்கியிருந்தால் ஆர்டர் விவரத்தில் பார்ட் நம்பரும் எண்ணிக்கையும் தெரிகிற பக்கத்தை பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள்.

4. மாற்றும் நாளில் பத்து நிமிடம்

ஆயில் வாங்கியதைத்தான் ரசீது சொல்லும். அது இந்த வண்டிக்குள் போனதா என்று சொல்லாது. ஐந்து வாரம் நான் அலைந்தது இந்த ஓர் இடைவெளியை நிரப்பத்தான். அதை நிரப்ப அன்றைக்கே பத்து நிமிடம் போதும்.

ஆரம்பிக்கும் முன் இன்ஜினை ஆன் செய்து ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள். டிரிப் மீட்டர் அல்ல, மொத்த மைல். அடுத்தது முன்கண்ணாடியின் டிரைவர் பக்க மூலையில் தெரியும் வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், 17 எழுத்தும் எண்ணும் படிக்கிற மாதிரி. அதன் பக்கத்திலேயே, பானெட் மேல், புது ஆயில் கேனையும் ஃபில்டர் பெட்டியையும் வைத்து ஒரே சட்டகத்தில் இன்னொன்று. கேனின் பின்பக்கத் தரக்குறி ஒன்று. ஆயில் வடிவது ஒன்று. பழைய ஃபில்டரும் புது ஃபில்டரும் அருகருகே ஒன்று. புது ஃபில்டர் மேல் மார்க்கரில் தேதியும் மைலும் எழுதி மாட்டுங்கள். இதற்குக் காசு கிடையாது, ஆனால் பிறகு டீலரே வண்டியைத் தூக்கிப் பார்க்கும்போது உங்கள் கையெழுத்து அங்கே இருக்கும். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது இந்த ஒன்றுதான். பழக்கதோஷத்தில் எழுதியிருந்தேன், ஆதாரம் என்று நினைத்து அல்ல.

முடிந்ததும் டிப்ஸ்டிக்கில் அளவு எங்கே நிற்கிறது என்று ஒன்று. மெயின்டனன்ஸ் விளக்கை ரீசெட் செய்துவிட்டு டேஷ்போர்டை ஒன்று. நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து இன்ஜின், ஃபில்டர், ஓடோமீட்டர் என்று இரண்டு நிமிட வீடியோ ஒரே ஓட்டத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் அன்றைக்கே எல்லாவற்றையும் உங்களுக்கு நீங்களே ஈமெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். தலைப்பில் தேதி, மைல், வின் நம்பரின் கடைசி ஆறு. ஈமெயிலில் விழும் தேதியை நீங்கள் மாற்ற முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். வாட்ஸ்ஆப்பில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள். வழக்கமான முறையில் போட்டோவாக அனுப்பினால் எடுத்த தேதி, நேரம் முதலிய உள்விவரங்கள் கழன்றுவிடும். போனில் இருக்கும் மூலப்படம்தான் ஆதாரம்.

5. பதிவேடு: ஆங்கிலத்தில், அன்றன்றைக்கு

சில வாரண்டிப் புத்தகங்களின் கடைசியில் பராமரிப்புப் பக்கங்கள் இருக்கும், அதையே நிரப்பலாம். இல்லையென்றால் 1 டாலருக்குக் கிடைக்கும் ஒரு நோட்டுப்புத்தகம் போதும். ஒவ்வொரு தடவையும் தேதி, மைல், செய்த வேலை, ஆயில் பிராண்டு, தரம், ஊற்றிய அளவு, ஃபில்டர் பார்ட் நம்பர், ரசீது எந்தக் கடை எந்தத் தேதி, உங்கள் கையெழுத்து. ஆயிலை எட்டு மாதம் முன்பே தள்ளுபடியில் வாங்கி வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ரசீதுத் தேதிக்கும் வேலைத் தேதிக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று கேள்வி வரும்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுவோம். இங்கே மாதம்தான் முதலில். 05/03 என்று நீங்கள் எழுதியது மார்ச் 5, அவர்கள் படிப்பது மே 3. என் நோட்டில் இரண்டு தேதி இப்படி முன்பின்னாக மாறி, ஆயிலை வாங்குவதற்கு முன்பே நான் மாற்றிவிட்ட மாதிரி ஆகியிருந்தது. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

க்ளெய்ம் வந்த அன்று ராத்திரி உட்கார்ந்து மூன்று வருடக் கணக்கை ஒரே பேனாவில் எழுதும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். ஒரே மை, ஒரே சாய்வு, எல்லா மைலும் ஐந்நூறில் முடியும். பார்த்தவுடன் தெரிந்துவிடும், தெரிந்தால் உண்மையான ரசீதுகளையும் நம்ப மாட்டார்கள். போதாக்குறைக்கு அது மோசடி. விசாவில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

6. டீலரை முழுக்க ஒதுக்காதீர்கள்

இது என் சொந்தக் கருத்து. வருடத்துக்கு ஒரு ஆயில் மாற்றத்தில் மிச்சமாவது ஐம்பது அறுபது டாலர். அதற்காக இதைச் செய்கிறீர்கள் என்றால் யோசியுங்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறேன். ஆனால் இப்போது இலவசமாகக் கிடைப்பதை விடுவதில்லை. டொயோட்டா மாதிரி சில கம்பெனிகள் முதல் 2 வருடம் அல்லது 25,000 மைல் வரை சர்வீஸை இலவசமாகச் செய்கின்றன. அதை டீலரிடமே செய்யுங்கள். ரீகால் வேலைக்கு, அதாவது குறை இருப்பதாகக் கம்பெனியே கூப்பிடும் வேலைக்குப் போனாலும், டயர் ரொட்டேஷனுக்கு இருபது முப்பது டாலர் கொடுத்துப் போனாலும் ரிப்பேர் ஆர்டரில் தேதியும் மைலும் ஏறும். ‘ஆயில் அளவு சரி, கசிவு இல்லை’ என்று அவர்களே எழுதிய சோதனைத் தாளும் சேர்ந்து வரும். அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் நகல் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் ஒரு படி போக விரும்பினால், பழைய ஆயிலில் கொஞ்சம் சோதனைச்சாலைக்கு அனுப்பலாம். இந்தியானா மாநிலம் ஃபோர்ட் வேனில் இருக்கும் பிளாக்ஸ்டோன் சோதனைச்சாலை இதில் பெயர் பெற்றது. பாட்டிலை இலவசமாக அனுப்புவார்கள், சோதனைக்கு 40 டாலர் வாக்கில் ஆகும். ஆயிலில் எவ்வளவு இரும்பு, அலுமினியம், தண்ணீர், பெட்ரோல் கலந்திருக்கிறது என்று அறிக்கை வரும். ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. டர்போ வண்டி, அல்லது ஆயில் குடிக்கும் வண்டி என்றால் வருடத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

7. க்ளெய்ம் போடும் நாள்

சத்தம், புகை, விளக்கு எது வந்தாலும் ஓட்டாதீர்கள். ‘எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் 80 மைல் ஓட்டியிருக்கிறீர்கள்’ என்பது மறுக்க நல்ல காரணம். வாரண்டி முடியப் போகிறது என்றால், சரிசெய்ய நேரமில்லாவிட்டாலும் முடியும் முன்பே டீலரிடம் போய்க் குறையைச் சொல்லி ரிப்பேர் ஆர்டர் திறக்க வைத்துவிடுங்கள். குறையை எந்த மைலில் சொன்னீர்கள் என்று அதில்தான் இருக்கும்.

வண்டியை விடும் முன் டிப்ஸ்டிக்கையும் ஆயில் மூடிக்கு உள்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். உள்ளே கறுப்புக் களிம்பு படியாமல் சுத்தமாக இருந்தால் அந்தப் படமே பாதி பேசும்.

ரெக்கார்டு கேட்டால் ரசீது மூட்டையை மேஜையில் கொட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் அட்டவணை: தேதி, மைல், வேலை, ஆதார எண். அதன் பின்னால் அதே வரிசையில் ரசீதும் போட்டோவும். எல்லாம் ஒரே பி.டி.எஃப்., ஈமெயிலில். மூலத்தைக் கொடுக்காதீர்கள். நான் முதல் வாரம் ரசீது, நோட்டுப் பக்கம் என்று 23 போட்டோக்களைத் தனித்தனியாக அனுப்பினேன், யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு பக்க அட்டவணை அனுப்பினேன், அன்று மாலையே போன் வந்தது.

கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியது டீயர்டவுன். அதாவது காரணம் பார்க்க இன்ஜினைப் பிரிப்பது. வாரண்டி ஏற்றால் கம்பெனி செலவு, மறுத்தால் உங்கள் செலவு என்று அந்தத் தாள் சொல்லும். அது 1,000 டாலரைத் தாண்டலாம். அதிகபட்சம் எவ்வளவு, பிரித்த பிறகு மறுத்தால் திரும்ப மாட்ட எவ்வளவு, வண்டி அங்கே நின்றால் நாள் வாடகை உண்டா, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆரம்பச் சோதனைக் கட்டணமும் 150, 200 டாலர் இருக்கும். வாடகைக் கார் கிடைக்குமா என்பதையும் அன்றைக்கே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நடுவில் ஒரு ரெக்கார்டு இல்லை என்றால்? இல்லை என்றே சொல்லுங்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட், கடையின் பழைய பதிவு, கூட இருந்த நண்பரின் கடிதம், எது கிடைக்கிறதோ அதை வையுங்கள். அந்த ஓர் இடைவெளிக்கும் போன பாகத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜன்னல் மோட்டார் போனதற்கு ஆயில் ரசீது கேட்பதில் அர்த்தமே இல்லை. இன்ஜின் பேரிங் என்றால் கேட்கத்தான் செய்வார்கள்.

8. மறுத்தால்

வாயால் சொன்ன மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரண்டிப் புத்தகத்தின் எந்தப் பகுதியின்படி, எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேருக்கு இந்தக் கட்டத்திலேயே பேச்சின் தொனி மாறிவிடுகிறது.

அடுத்தது டீலரைத் தாண்டிக் கம்பெனியின் நுகர்வோர் சேவைக்குப் போன். கேஸ் நம்பர் வாங்கி, பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அதே பி.டி.எஃப்.ஐ அனுப்புங்கள். கம்பெனியின் வட்டாரப் பிரதிநிதி வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். என் கேஸில் முடிவெடுத்தது டீலர் அல்ல, அவர்தான். ஃபில்டரில் என் மார்க்கர் எழுத்தையும் நோட்டில் இருந்த மைலையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

அதற்கும் மசியவில்லை என்றால் வாரண்டிப் புத்தகத்திலேயே சமரசத் தீர்ப்புக்கு ஒரு வழி போட்டிருக்கும். பல கம்பெனிகள் பி.பி.பி. ஆட்டோ லைன் (BBB AUTO LINE) என்ற சமரச அமைப்பில் சேர்ந்திருக்கின்றன. நுகர்வோருக்கு இலவசம், பொதுவாக 40 நாளில் முடிவு. தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பெனியைக் கட்டும், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் உங்களைக் கட்டாது. டெக்சாஸில் இருப்பவர்கள் மாநில மோட்டார் வாகனத் துறையிடமும் வாரண்டிப் புகார் கொடுக்கலாம். எஃப்.டி.சி.க்கும் மாநில அட்டர்னி ஜெனரலுக்கும் புகார் எழுதுங்கள். ஆனால் எஃப்.டி.சி. தனி ஆளின் கேஸை எடுத்து நடத்தாது.

கடைசி வழி சிறுவழக்கு நீதிமன்றம். வக்கீல் வேண்டியதில்லை. தொகை வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டெக்சாஸில் 20,000 டாலர், கலிஃபோர்னியாவில் தனி நபருக்கு 12,500. பெரிய தொகை என்றால் வக்கீலைப் பாருங்கள். மேக்னஸன்-மாஸ் சட்டப்படி நீங்கள் ஜெயித்தால் நியாயமான வக்கீல் செலவையும் எதிர்த்தரப்பிடம் வாங்கித்தர நீதிமன்றத்தால் முடியும். அதனால் சில வக்கீல்கள் முன்பணம் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

9. காரை விற்கும்போது

கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். வாரண்டி மீதம் இருந்தால் வாங்குகிறவருக்கும் இதே ரெக்கார்டுகள் வேண்டும், விலை பேசும்போது உங்களுக்கும் உதவும். நகலைக் கொடுங்கள். கார்டின் கடைசி எண்கள், போன் நம்பர், காஸ்ட்கோ மெம்பர் நம்பர் மூன்றையும் மார்க்கரால் அடித்துவிட்டுக் கொடுங்கள். நீங்களே பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணத்தைக் கொடுக்கும் முன் இதே கோப்பை விற்கிறவரிடம் கேளுங்கள். ‘எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன்’ என்று மட்டும் சொன்னால், ஒவ்வொரு சர்வீஸ் இடைவெளிக்கும் ஒரு ரசீதாவது காட்டச் சொல்லுங்கள்.